நுரைக்குள் நுழையும் அலை

2003 பிப்ரவரி 1 அன்று, பூமிக்குத் திரும்பிக்கொண்டிருந்த கொலம்பியா விண்ணோடம் அமெரிக்காவின் டெக்சாஸ் வான்பரப்பில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேர் இறந்தனர். காரணம் பதினாறு நாட்களுக்கு முன்பே நேர்ந்துவிட்டிருந்தது. ஜனவரி 16 அன்று ஏவப்பட்ட 82ஆம் வினாடியையொட்டி, வெளிப்புற எரிபொருள் தொட்டியிலிருந்து பெயர்ந்த முக்கால் கிலோ நுரைத்துண்டு மணிக்குச் சுமார் 800 கிலோமீட்டர் வேகத்தில் இடது இறக்கையின் முன்விளிம்பில் மோதியது. அதே எடையுள்ள நுரையை வாயுத் துப்பாக்கியால் சுட்டு, அதே வகைக் கார்பன் பலகையில் ஓர் அடிக்கும் மேல் அகலமான ஓட்டை விழுவதை அந்த ஆண்டு ஜூலையில் செய்த சோதனை காட்டியது. விபத்து விசாரணைக் குழுவின் அறிக்கையில் நாசாவின் நிர்வாகப் பண்பாடு பற்றிய பகுதிகளே உலகெங்கும் பேசப்பட்டன. ஆனால் அதே அறிக்கையில் பொருளறிவியல் படிப்பவர்கள் திரும்பத் திரும்பப் படிக்க வேண்டிய கண்டறிவு ஒன்று இருக்கிறது. தொட்டியில் பூசி முடித்த நுரை எந்த நிலையில் உள்ளது என்பதைப் பறப்பதற்கு முன் சிதைக்காமல் சோதித்தறிய, தகுதிச் சான்று பெற்ற முறை எதுவும் இல்லை என்கிறது அது. இருபத்திரண்டு ஆண்டுகளாக விண்ணோடங்களை ஏவிவந்த ஓர் அமைப்புக்கு, தன் வாகனத்தின் மிகப் பெரிய பாகத்தின் மேற்பூச்சுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வழியில்லை. அந்த இயலாமையின் வேர் எங்கே இருக்கிறது என்று தேடினால், நுண்ணலைச் (மைக்ரோவேவ்) சோதனை எதற்குத் தேவைப்படுகிறது என்பதும் விளங்கும்.

நாசாவிடம் கருவிகளுக்குப் பஞ்சம் இருக்கவில்லை. தொழிற்சாலைகளில் என்.டி.டி. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிதைக்காச் சோதனை முறைகள் எல்லாமே அங்கு இருந்தன. அவை ஒவ்வொன்றும் நுரையிடம் வந்து நின்றுவிட்டன. மீயொலி அலை இரும்புக்குள் பல மீட்டர் பயணம் செய்யும்; கோடிக்கணக்கான நுண்ணறைகள் கொண்ட பாலியூரித்தேன் நுரைக்குள் நுழைந்ததும் சிதறி அடங்கிவிடும். எக்ஸ் கதிர்ப் படம் அடர்த்தி வேறுபாட்டைக் காட்டுவது. ஒரு கனமீட்டர் நுரையின் எடை 40 கிலோவைத் தொடாது. அதன் அடியில் இருக்கும் அலுமினியமோ கனமீட்டருக்கு 2,700 கிலோ. அலுமினியத்தின் நிழலில் நுரையின் குறை தெரியாமலே போகும், அதோடு ஒரு பக்கம் கதிரும் மறுபக்கம் படத்தகடும் வைக்க வேண்டுமானால் தொட்டிக்குள் இறங்க வேண்டும். சுழல் மின்னோட்ட முறைக்குப் பொருள் மின்சாரத்தைக் கடத்த வேண்டும், நுரை கடத்தாது. வெப்பப் படமுறைக்குச் சூடு உள்ளே பரவ வேண்டும். மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் கிடக்கும் திரவ ஹைட்ரஜனுக்கு வெளியிலிருந்து சூடு போகாமல் தடுப்பதற்காகவே பூசப்பட்ட பொருள் இது. எந்தக் குணங்களுக்காக நுரையைத் தேர்ந்தெடுத்தார்களோ, அந்தக் குணங்களே ஒவ்வொரு சோதனை முறையையும் வாசலில் நிறுத்தின.

இது தற்செயல் இல்லை என்பதே என் வாதம். இன்று பட்டறைகளிலும் பயிற்சி மையங்களிலும் நிலைபெற்றிருக்கும் முறைகள் கொதிகலன், ரயில் தண்டவாளம், கப்பல் தகடு, வெல்டிங் இணைப்பு ஆகியவற்றுக்காக வளர்ந்தவை. உலோகத்தில் எந்தக் குணம் வலுவாக இருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வொரு முறையும் வேலை செய்கிறது: காந்தத் துகள் முறைக்கு இரும்பின் காந்தத்தன்மை, சுழல் மின்னோட்டத்துக்குக் கடத்துதிறன், மீயொலிக்கு விறைப்பு. ஒரு சோதனைக் கருவி குறையைப் பார்ப்பதில்லை; குறை உள்ள இடத்துக்கும் இல்லாத இடத்துக்கும் இடையே ஏதாவதொரு இயற்பியல் குணம் மாறுபடுவதைத்தான் பார்க்கிறது. அந்தக் குணம் மாறுபடாவிட்டால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியும் குருடுதான். ஆகவே பொருள் மாறும்போது, எந்தக் குணத்தைக் கேட்பது என்ற கேள்வியையும் புதிதாகக் கேட்டாக வேண்டும். நுரை, கண்ணாடி இழைக் கூட்டுப்பொருள், பிளாஸ்டிக் குழாய், பீங்கான், ரப்பர், கான்கிரீட் போன்ற மின்சாரம் கடத்தாத பொருட்களில் அந்தக் கேள்விக்கான விடைகளில் முதன்மையானது, மின்புலத்துக்கு அவை காட்டும் எதிர்வினை. இதைச் சார்பு விடுதிறன் என்கிறோம். வெற்றிடத்துக்கு அது 1. காற்றுக்கும் ஏறக்குறைய அதுவே. பாலித்தீனுக்கு 2.3 அளவில், கண்ணாடி இழை கலந்த எபாக்சிக்கு 4 முதல் 5 வரை, தண்ணீருக்குக் குறைந்த அதிர்வெண்களில் 80. இந்த எண் மாறும் ஒவ்வொரு எல்லையிலும் நுண்ணலையின் ஒரு பகுதி திரும்புகிறது. மீதி வேகம் மாறித் தொடர்ந்து செல்கிறது. நுண்ணலைச் சோதனை முழுவதும் இந்த ஒரு நிகழ்வின் மேல்தான் நிற்கிறது.

கருவியும் எளிமையானதே. நுண்ணலை என்பது 300 மெகாஹெர்ட்ஸிலிருந்து 300 கிகாஹெர்ட்ஸ் வரையிலான மின்காந்த அலை; அலைநீளம் 1 மீட்டரிலிருந்து 1 மில்லிமீட்டர் வரை. அதை வழிநடத்தும் செவ்வக வடிவ உலோகக் குழாய்க்கு வேவ்கைடு என்று பெயர். 10 கிகாஹெர்ட்ஸுக்குப் பயன்படும் வேவ்கைடின் வாய் 22.86 மில்லிமீட்டருக்கு 10.16 மில்லிமீட்டர், ஒரு தீப்பெட்டியின் முனையைவிடச் சிறியது. அந்தத் திறந்த வாயைப் பொருளின் மேல், தொட்டோ சில மில்லிமீட்டர் விலக்கியோ, வரிவரியாக நகர்த்துகிறார்கள். ஒவ்வொரு புள்ளியிலும் திரும்பி வரும் அலையின் வீச்சும், அலைச்சுழற்சியில் அது எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சொல்லும் கட்டமும் பதிவாகின்றன. இரண்டையும் படமாக்கினால் உள்ளே இருக்கும் காற்றுப்பை, பிரிந்த அடுக்கு, தேங்கிய ஈரம் ஆகியவை கறையாகத் தென்படும். மீயொலிச் சோதனையில் தடவ வேண்டிய ஜெல் இங்கே வேண்டாம். பொருளின் மறுபக்கத்துக்குப் போகவும் வேண்டாம்.

இனி அந்த நுரைக்கே திரும்புவோம். இதுதான் இந்த முறைக்கு வைக்கப்பட்ட மிகக் கடினமான தேர்வு. நுரையின் பெரும்பகுதி வாயு என்பதால் அதன் விடுதிறன் காற்றை ஒட்டியே இருக்கிறது. கணக்குக்காக 1.05 என்று வைத்துக்கொள்வோம். நுரைக்குள் ஒரு காற்றுப்பை இருந்தால், அந்த எல்லையில் திரும்பும் ஆற்றல் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டு பங்குதான். இந்த எண்ணைப் பார்த்ததும் நுண்ணலையும் தோற்றுவிட்டது என்று முடிவு கட்டத் தோன்றும். ஆனால் நுரைக்கு அடியில் அலுமினியம் இருக்கிறது. உலோகம் நுண்ணலையை ஏறக்குறைய முழுமையாகத் திருப்பி அனுப்பும். நுரையைக் கடந்து, உலோகத்தில் பட்டு, மீண்டும் நுரையைக் கடந்து வரும் அந்த வலுவான எதிரொலியே இங்கே நமக்கு அளவுகோல். வழியில் 1 சென்டிமீட்டர் ஆழமுள்ள காற்றுப்பை இருந்தால், அந்த இடத்தில் அலை சற்றே வேகமாகக் கடக்கும். போக வர மொத்தப் பாதை அரை மில்லிமீட்டர் சுருங்கியதற்குச் சமம். 10 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 30 மில்லிமீட்டர், ஆகவே இந்த அரை மில்லிமீட்டர் வெறும் 6 டிகிரி கட்ட மாற்றம். 100 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 3 மில்லிமீட்டர். அதே காற்றுப்பை 59 டிகிரி மாற்றத்தைத் தருகிறது. இது கருவிக்குத் தவறாமல் தெரியும். அதிர்வெண்ணைக் கூட்டினால் மங்கலானது துலங்குகிறது. நுரை இவ்வளவு இலகுவாக இருப்பதால் கூட்டிய அதிர்வெண்ணையும் அது பெரிதாக விழுங்குவதில்லை. மீயொலிக்கு எமனாக இருந்த இலகுத்தன்மை நுண்ணலைக்கு வழிவிடுகிறது. கொலம்பியாவுக்குப் பின் மிசௌரி ரோலா பல்கலைக்கழகத்தில் ரெஸா ஸோகியின் ஆய்வகம் நாசாவின் மார்ஷல் மையத்துடன் சேர்ந்து, குறைகளை வேண்டுமென்றே புதைத்த நுரைப் பலகைகளை இவ்வாறு நுண்ணலையிலும் மில்லிமீட்டர் அலையிலும் படம்பிடித்தது. நாசா பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தவற்றில் இன்னும் கூடிய அதிர்வெண் கொண்ட டெராஹெர்ட்ஸ் அலைமுறை ஒன்று. ஒரே பக்கத்திலிருந்து இயங்கும் பின்சிதறல் எக்ஸ் கதிர் இன்னொன்று. டெராஹெர்ட்ஸ் முறை நுண்ணலையின் அடுத்த படிதான், கேட்கும் கேள்வி ஒன்றே.

இங்கே ஓர் ஆட்சேபம் நியாயமாக எழும். சென்டிமீட்டர் அளவு அலைநீளமுள்ள அலையால் மில்லிமீட்டர் அளவுக் குறையை எப்படிப் பார்க்க முடியும்? தொலைவிலிருந்து பார்க்கும் எந்தக் கருவிக்கும் அலைநீளம்தான் எல்லை என்பதை ஒளியியல் படித்தவர்கள் அறிவார்கள். அந்த எல்லை தொலைவுக்குப் பொருந்தும். வேவ்கைடின் வாய்க்கு மிக அருகில், அலை இன்னும் விரிந்து பரவாத பகுதியில், பக்கவாட்டுத் தெளிவைத் தீர்மானிப்பது வாயின் அளவே. 26.5 முதல் 40 கிகாஹெர்ட்ஸ் வரையிலான பட்டைக்கு அந்த வாய் 7.1 மில்லிமீட்டருக்கு 3.6 மில்லிமீட்டர்தான். ஆழத்தில் நிலைமை வேறு, அதை மறைக்கக் கூடாது. ஆழத் தெளிவு பயன்படுத்தும் அதிர்வெண் பட்டையின் அகலத்தைப் பொறுத்தது. அந்தப் பட்டை முழுவதையும் பயன்படுத்தினாலும் காற்றில் 11 மில்லிமீட்டர், விடுதிறன் 4 உள்ள கண்ணாடி இழைப் பலகையில் 5 அல்லது 6 மில்லிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு அடுக்குகளைத்தான் தனித்தனியாகப் பிரித்துக் காட்ட முடியும். மீயொலி நன்றாக நுழையும் பொருளில் ஆழத் தெளிவுக்கு மீயொலியையே நாட வேண்டும். நுண்ணலையைப் பரிந்துரைப்பவர்கள் இதைச் சொல்லத் தயங்கும்போதுதான் அந்த முறை மீதான நம்பிக்கை கெடுகிறது.

இதைவிட வலுவான ஆட்சேபம் உலோகம் பற்றியது. 10 கிகாஹெர்ட்ஸ் அலை செம்புக்குள் ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள்ளாகவே அடங்கிவிடும். சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளே அதற்குச் சுவர். தொழிலுலகம் இன்றும் பெருமளவு உலோகத்தால் ஆனது என்பதால், அங்கே கையை விரிக்கும் முறைக்கு என்ன மதிப்பு என்று கேட்கலாம். உலோகத்தின் உள்ளே பார்க்க நுண்ணலையால் முடியாது, முடியும் என்று யாரும் சொல்லவும் இல்லை. மேற்பரப்பு விரிசல்களை, பெயின்ட்டுக்கு அடியில் இருந்தாலும், அது காட்டிக்கொடுக்கும். ஆனால் அந்த வேலைக்குச் சுழல் மின்னோட்ட முறை தேர்ந்த முறை, அதை இடம்பெயர்க்க முயல்வது வீண். கார்பன் இழையும் மின்சாரத்தைக் கடத்துவதால் இந்தத் தடைக்குள்ளேயே வருகிறது. போயிங் 787 விமானத்தின் எடையில் பாதி கூட்டுப்பொருள். அதில் பெரும்பங்கு கார்பன் இழை, அங்கே மீயொலிக்குத்தான் வேலை. கொலம்பியாவிலேயே இந்த எல்லைக்கோடு துல்லியமாக விழுந்திருந்தது. மோதிய நுரை நுண்ணலைக்குத் திறந்த பொருள். மோதப்பட்ட இறக்கை விளிம்பு கார்பனால் ஆன, நுண்ணலைக்கு மூடிய பொருள். அந்தக் கார்பன் பலகைகளின் சோதனைக்கு நாசா வெப்பப் படமுறையைக் கொண்டுவந்தது. ஒரே வாகனத்தில், ஒரே விபத்தின் இரு முனைகளில், இரண்டு முறைகள் வேண்டியிருந்தன.

உலோகச் சுவரே சில நேரம் உதவிக்கு வருவதுண்டு. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் குழாய்களின் மேல் கனிமப் பஞ்சுக் காப்பைச் சுற்றி, அதற்கு மேல் மெல்லிய உலோக உறை போடுவார்கள். உறையின் இணைப்பில் மழைநீர் இறங்கிப் பஞ்சு நனைந்தால், குழாய் யார் கண்ணிலும் படாமல் துருப்பிடிக்கும். அந்தத் துறையில் கழற்றிப் பார்ப்பதற்கே பெருஞ்செலவு ஆகும் தீராத தலைவலி இது. வெளியிலிருந்து நுண்ணலையைப் பாய்ச்சினால் உறை தடுத்துவிடும். லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் அலையை உறைக்கும் குழாய்க்கும் இடைப்பட்ட வளையத்துக்குள்ளேயே செலுத்தினார்கள். உள்ளே ஓர் உலோக உருளை, வெளியே ஓர் உலோக உருளை, நடுவே மின்காப்பு: கேபிள் டிவி வயரின் அமைப்பே அது, பெரிய அளவில். அலை அந்த இடைவெளி வழியே குழாயின் நீளத்துக்கு ஓடுகிறது. வழியில் தண்ணீர் தேங்கிய இடம் வந்தால் எதிரொலி திரும்புகிறது. துரு வந்த பிறகு தேடுவதைவிட, துருவுக்குக் காரணமான ஈரத்தை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம் என்ற எண்ணம் எனக்கு இந்தத் துறையின் மிகச் சிறந்த சிந்தனைகளில் ஒன்றாகப் படுகிறது.

ஈரம் என்று வந்துவிட்டால் நுண்ணலைக்கு ஈடு சொல்வது கடினம். உலர்ந்த கண்ணாடி இழைப் பலகைக்கு 4, தண்ணீருக்கு 10 கிகாஹெர்ட்ஸிலும் 60-ஐ ஒட்டிய எண். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் தவறவிட வழியே இல்லை. விமானத்தின் மூக்கில் ரேடாரை மூடியிருக்கும் ரேடோம் தேன்கூட்டு அறைகள் கொண்டது. ஆலங்கட்டியோ மின்னலோ பட்டு உண்டாகும் மயிரிழை விரிசல் வழியே அந்த அறைகளில் தண்ணீர் சேரும். உயரத்தில் உறைந்து விரிந்து அறைச்சுவர்களை உடைக்கும். வானிலை ரேடாரின் பார்வையும் அந்தப் பக்கம் மங்கும். பராமரிப்புக் கூடத்தில் கையடக்க ஈரமானியை ரேடோமின் மேல் தடவிப் பார்த்தே நனைந்த இடத்தைக் குறித்துவிடுகிறார்கள்.

கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டதும் எழும் அச்சத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் தொழிலாளர்கள் அருகில் நின்று செய்யும் வேலை இது. சமையலறை மைக்ரோவேவ் அடுப்பு 700 முதல் 1,000 வாட் வரை நுண்ணலையாகச் செலுத்தி உணவைச் சூடாக்குகிறது. சோதனைக் கருவி அனுப்புவது பெரும்பாலும் மில்லிவாட் கணக்கில், அடுப்பின் லட்சத்தில் ஒரு பங்கு அளவில். அதைவிட முக்கியமானது ஃபோட்டானின் ஆற்றல். 10 கிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானுக்கு, ஹைட்ரஜன் அணுவிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கத் தேவைப்படும் ஆற்றலில் மூன்று லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. எக்ஸ் கதிர், காமா கதிர்ப் படம் எடுக்கும்போது இடத்தைக் காலிசெய்து கயிறு கட்டி, வேலையை இரவுக்குத் தள்ளிவைக்கும் கட்டாயம் இங்கே எழுவதில்லை. பக்கத்து வேலை நிற்காமல் சோதனை நடக்கும்.

உண்மையான பலவீனம் வேறொரு இடத்தில் இருக்கிறது. நுண்ணலை, விடுதிறனின் வேறுபாட்டைச் சொல்லும். பிணைப்பின் வலிமையைச் சொல்லாது. இரண்டு பாலித்தீன் குழாய்களின் முனைகளைச் சூட்டுத் தகட்டில் உருக்கி அழுத்தி ஒட்டும்போது, சூடு போதாமல் போனால் முனைகள் இடைவெளியின்றித் தொட்டுக்கொண்டிருக்கும், ஆனால் மூலக்கூறுகள் பின்னிக்கொண்டிருக்காது. நடுவில் காற்று இல்லை, விடுதிறன் மாறவில்லை, படம் பழுதில்லாமல் வரும். அழுத்தம் ஏறும் நாளில் இணைப்பு விட்டுப்போகும். இத்தகைய இணைப்பை மீயொலியும் எளிதில் பிடிப்பதில்லை. ஒட்டும்போதே வெப்பத்தையும் அழுத்தத்தையும் நேரத்தையும் பதிவு செய்வதும், சில மாதிரி இணைப்புகளை அறுத்து இழுத்துப் பார்ப்பதும் இதற்கு இன்னும் தவிர்க்க முடியாதவை. இதோடு, வேவ்கைடின் வாய் மேற்பரப்பிலிருந்து ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனாலே படத்தில் இல்லாத குறை தோன்றக்கூடும். அனுபவமில்லாத கண் அதைப் பழுது என்று எழுதிவிடும். மீயொலிக்கும் எக்ஸ் கதிருக்கும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்திருக்கும் விதிநூல்களும் மாதிரிக் கட்டைகளும் ஏற்பு எல்லைகளும் நுண்ணலைக்கு அந்த அளவில் இல்லை. ஓர் ஆய்வாளர் வாங்குபவரின் முன்னால் கையெழுத்திட வேண்டுமென்றால் அவருக்கு இவைதான் துணை. பொறியாளர்கள் தயங்குவது பழமைவாதத்தால் என்று சொல்லிவிட முடியாது. அவர்களின் தயக்கத்துக்கு இந்த இடத்தில் காரணம் இருக்கிறது.

கடைசியாக, கொலம்பியாவைச் சான்றாகக் காட்டுவதையே ஒருவர் கேள்வி கேட்கலாம். சோதனை முறை இருந்திருந்தால் விபத்து நின்றிருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. பெயர்ந்த துண்டு, தொட்டியின் மேல் கையால் தெளித்துப் பூசிய ஒரு நுரைச்சரிவின் பகுதி; அதே வகைச் சரிவுகளை அறுத்துப் பார்த்தபோது உள்ளே காற்றுப்பைகள் இருந்தன. எனினும் நுரை பெயர்ந்ததற்குப் பல காரணங்கள் சேர்ந்தே இருந்திருக்கும் என்றுதான் விசாரணைக் குழு முடித்தது. 2005 ஜூலையில் டிஸ்கவரி மீண்டும் பறந்தபோது, தொட்டியின் வேறொரு இடத்திலிருந்து பெரிய நுரைத்துண்டு பெயர்ந்தது. விண்ணோடத்தில் படாமல் போனது நல்வாய்ப்பு. அந்த நுரைச்சரிவை அடுத்த பயணத்துக்கு முன் வடிவமைப்பிலிருந்தே நீக்கினார்கள். தவறான வடிவமைப்பை எந்தச் சோதனையாலும் நல்லதாக்க முடியாது என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் உள்ளே பார்க்க வழியில்லாதபோது நேர்வது இன்னும் மோசமானது: குறை இருக்கிறதா என்ற கேள்வியே காலப்போக்கில் கேட்கப்படாமல் போகிறது. நுரை உதிர்வது பெரும்பாலான பயணங்களில் நடக்கும் பராமரிப்புச் சங்கதியாக மாறியதில், அளக்க முடியாமை ஒரு பங்கு வகித்தது என்றே நான் கருதுகிறேன்.

நம்மைச் சுற்றியும் பொருட்கள் மாறிக்கொண்டிருக்கின்றன. இரும்பு சிலிண்டர் இருந்த சில வீடுகளில் பாலித்தீன் உள்ளுறையும் கண்ணாடி இழைச் சுற்றும் கொண்ட இலகுவான சிலிண்டர் வந்திருக்கிறது. முப்பந்தலிலும் கயத்தாறிலும் சுழலும் காற்றாலை இறக்கைகள் பெரும்பாலும் கண்ணாடி இழையாலானவை. குடிநீர்க் குழாயும் எரிவாயுக் குழாயும் பாலித்தீனுக்கு மாறிவருகின்றன. திருச்சி போன்ற கொதிகலன் ஊர்களிலும் சென்னையின் பயிற்சி மையங்களிலும் என்.டி.டி. சான்றிதழுக்குப் படிக்கும் இளைஞர்களோ கண்ணால் பார்த்துச் சோதித்தல், சாயம் ஊடுருவல், காந்தத் துகள், மீயொலி, கதிர்ப் படம் என்ற ஐந்து முறைகளையே முதன்மையாகக் கற்கிறார்கள். ஐந்தும் வெல்டிங் இணைப்புக்குப் பொருந்துபவை. அந்தப் பாடத்திட்டத்தில் மின்சாரம் கடத்தாத பொருட்களுக்கென்று ஒரு பகுதியும், ஒரு வேவ்கைடும், குறை புதைத்த நான்கைந்து கண்ணாடி இழைப் பலகைகளும் சேர்க்கப்பட வேண்டும். இந்தத் துறையில் இறங்கும் மாணவர்கள், பாடம் நடத்துபவரிடம் இதை இப்போதே கேட்கத் தொடங்கலாம்.